சங்கத்தின் சாவி யாரிடம் இருக்கிறது?

கூட்டுறவு இயக்கத்திற்குச் செங்கற்பட்டு வட்டாரம் புதியதன்று. 1904-ஆம் ஆண்டிலேயே, அந்நாளில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த திரூரில் கிராமக் கடன் சங்கம் தோன்றிற்று. ரொக்கம் வைக்கும் இரும்புப் பெட்டியின் சாவி எவரிடம் இருக்கிறதென்பது சங்க ஏட்டில் பதிவாகியிருக்க வேண்டும் என்பதை நம் அங்கத்தினர்கள் நன்கறிவர். இன்றோ நெசவாளர் கூலிப் பட்டியலும், பயிர்க்கடன் கணக்கும், அங்கத்தினரின் வங்கிக் கணக்கு எண்களும் கணினியில் இருக்கின்றன. 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களை 2,516 கோடி ரூபாய்ச் செலவில் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு மத்திய அரசு 2022 ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. இப்புதிய பெட்டியின் சாவியைப் பற்றி அங்கத்தினர்கள் அறிய வேண்டுவனவற்றை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

சில காலத்திற்கு முன் கடலோரச் சங்கம் ஒன்றிற்கு ஆய்வுக்காகச் சென்றிருந்தோம். கூலிப் பட்டியல்களைப் பிறர் படிக்க இயலாதவாறு குறியாக்கம் செய்து வைத்திருந்தனர். அது பாராட்டத்தக்கதே. ஆயினும் காரியதரிசியின் டோக்கன் காலாவதியாகிப் புதுப்பிக்கப்பட்டபோது, அதிலிருந்த பழைய சாவியை அழித்துவிட்டனர். மாற்றுச் சாவியும் இல்லை. இரண்டு ஆண்டுப் பட்டியல்கள் கணினியில் இருந்தும் திறக்க முடியவில்லை. நெசவாளர்களின் கைப்புத்தகங்களை வீடு வீடாகச் சேகரித்து மீண்டும் எழுத நேர்ந்தது. கூலி நிலுவை வரவேண்டிய குடும்பங்கள் அதுவரை காத்திருந்தன.

இது எவ்வாறு நேர்ந்தது என்பதை அறியச் சாவியின் இயல்பை அறிதல் வேண்டும்.

அழுத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் பூட்டை நாம் பார்த்திருக்கிறோம். அதைப் பூட்டுவதற்குச் சாவி வேண்டியதில்லை, திறப்பதற்கே வேண்டும். அத்தகைய பூட்டுகளைக் காரியதரிசி எத்தனை பேருக்கும் கொடுக்கலாம். சாவியை மட்டும் தம்மிடமே வைத்துக்கொள்வார். 1976-இல் டிஃபி, ஹெல்மன் என்னும் அமெரிக்க அறிஞர்கள் வெளியிட்ட கருத்தின் சாரம் இதுவே. பூட்டைப் பொதுச் சாவி என்றும், திறப்பதைத் தனிச் சாவி என்றும் கூறுவர். தனிச் சாவியை டோக்கன் என்னும் சிறு கருவிக்குள் வைக்கின்றனர். சாவி அக்கருவியை விட்டு வெளியே வருவதில்லை. திறக்கும் கணக்கு வேலை கருவிக்குள்ளேயே நடைபெறுகிறது. பின் எண்ணைச் சில முறை தவறாக இட்டால் கருவி தானே முடங்கிவிடும்.

இதனால் ஒரே டோக்கனைப் பல கணினிகளில் பயன்படுத்தலாம். செங்கற்பட்டிலுள்ள தலைமை அலுவலகத்திலும் திருக்கழுக்குன்றத்திலுள்ள கிடங்கிலும் வேலை செய்ய வேண்டுமாயின், இரு கணினிகளிலும் டோக்கனுக்குரிய மென்பொருளும், குறியாக்க மென்பொருளும், பொதுச் சாவி அடங்கிய சான்றிதழும் இருந்தால் போதும். தனிச் சாவியின் பிரதி எதிலும் தங்குவதில்லை. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. திறந்த பின் அக்கோப்பு அக்கணினியில் வெளிப்படையாகவே இருக்கும். அக்கணினியில் வைரஸ் புகுந்திருந்தால் டோக்கன் அதைத் தடுக்காது. ஆதலின் பிறர் கடைக் கணினியில் சங்கக் கோப்பைத் திறத்தல் கூடாது.

ஒரே கோப்பைத் தலைவரும் காரியதரிசியும் தனித்தனியே திறக்க வழியுண்டா? உண்டு. கோப்பை ஒரு தற்காலிகச் சாவியால் பூட்டி, அச்சிறு சாவியை ஒவ்வொருவருடைய பொதுச் சாவியாலும் தனித்தனியே பூட்டி உடன் வைப்பர். எவருடைய டோக்கனாலும் அதைத் திறக்கலாம். அரசின் மின்னணு ஒப்பந்தப்புள்ளித் தளங்களிலும் இம்முறையே கையாளப்படுகிறது. விலைப்புள்ளி ஒரு சாவியால் பூட்டப்பட்டு, அச்சாவி திறக்கும் அதிகாரிகளின் பொதுச் சாவிகளால் பூட்டப்படுகிறது. எனவே சங்கக் கோப்பை இருவருக்கும், சேமத்தில் வைத்த மூன்றாவது டோக்கனுக்கும் சேர்த்துப் பூட்டுவது சாலச் சிறந்தது. ஒன்று பழுதானாலும் கணக்கு தப்பும்.

கையொப்பச் சாவி வேறு, குறியாக்கச் சாவி வேறு என்பதையும் உணர வேண்டும். கையொப்பச் சாவி தொலைந்தால் புதிய சான்றிதழ் பெறலாம். முன்பு இட்ட கையொப்பங்களுக்கு ஊறில்லை. குறியாக்கச் சாவி தொலைந்தால் அதனால் பூட்டியவை யாவும் தொலைந்தன. ஆகவே குறியாக்கச் சாவிக்கு மாற்று வைத்தல் முறை. கையொப்பச் சாவியைப் பிறரிடம் கொடுத்தல் பிழை. 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42-ஆவது பிரிவு, தனிச் சாவியைத் தம் வசத்தில் காக்கும் கடமையைச் சான்றிதழ் பெற்றவர் மீதே சுமத்துகிறது. சாவி பிறர் கைப்பட்டால் சான்றளிக்கும் நிறுவனத்திற்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கும் வரை பொறுப்பு அவருடையதே. டோக்கனையும் பின் எண்ணையும் எழுத்தரிடம் விட்டுச் செல்லும் காரியதரிசி, கையொப்பமிட்ட வெற்றுக் காசோலையை விட்டுச் செல்பவரை ஒப்பர்.

நம் கடற்கரைக்கு மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. 2022 டிசம்பர் 9-ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டியே கரையைக் கடந்தது. 2004-இல் ஆழிப்பேரலையையும் கண்டோம். டோக்கனும் அதன் மாற்றும் ஒரே மேசை அறையில் இருந்தால் இரண்டும் ஒருங்கே போகும்.

நிர்வாக சபையினர் கீழ்க்கண்டவற்றைத் தீர்மானமாக நிறைவேற்றுவது நலம்:

1. சங்கக் கோப்புகளை இரண்டு டோக்கன்களுக்கேனும் பூட்டுக. ஒன்றை வேறூர் வங்கிப் பெட்டகத்தில் வைக்க.

2. டோக்கன் எவரிடம் உள்ளதென்பதைச் சாவிப் பதிவேட்டில் எழுதுக. பின் எண்ணை எழுதற்க.

3. பழைய கோப்புகள் யாவற்றையும் புதிய சாவிக்கு மாற்றிப் பூட்டித் திறந்து பார்க்கும் வரை பழைய டோக்கனை அழிக்கற்க.

4. மூன்று திங்களுக்கொருமுறை மாற்று டோக்கனால் ஒரு கோப்பைத் திறந்து சோதிக்க. சில மென்பொருள்கள் முதல் டோக்கனின் வரிசை எண்ணை நினைவில் வைத்து அதையே கேட்கும். அக்குறையை ஆபத்து வேளைக்கு முன்பே கண்டு திருத்தலாம்.

5. வேலை முடிந்ததும் டோக்கனைக் கணினியிலிருந்து எடுத்துவிடுக.

இவை நிர்வாகிகளுக்கு மட்டும் உரிய செய்திகள் என்று அங்கத்தினர்கள் எண்ணலாகாது. அக்கணினியில் இருப்பது தறியில் அமர்ந்தவரின் கூலி. கழனியில் நின்றவரின் கடன் கணக்கு. அடுத்த பொதுச் சபையில் எழுந்து, "மாற்றுச் சாவி எங்கே இருக்கிறது? கடைசியாக அதைச் சோதித்தது எப்போது?" என்று இரண்டு கேள்விகள் கேளுங்கள். அவற்றிற்கு ஏட்டைப் பார்த்து விடை சொல்லக்கூடிய சங்கத்தில் உங்கள் கணக்கு பத்திரமாக இருக்கும்.