கிளர்வுற்ற அருமன் வாயு அணுக்கள்

கிளர்வுற்ற அருமன் வாயு அணுக்கள் என்பவை ஈலியம், நியான், ஆர்கான், செனான் முதலிய அருமன் வாயுக்களின் (மந்த வாயுக்களின்) அணுக்களுள், ஆற்றல் பெற்று உயர் நிலையை அடைந்தவை ஆகும். இவ்வாற்றலை அவை ஒளியாக உமிழ்ந்தோ, மோதலின்போது பிறிதொன்றுக்குக் கொடுத்தோ இழக்கின்றன.

ஒளி உமிழ்வு

வீடுகளில் மின்சாரம் உள்ளதா எனப் பார்க்க உதவும் டெஸ்டரின் செம்மஞ்சள் ஒளி நியான் அணுக்களிலிருந்து வருவதாகும். உயர் நிலையிலுள்ள நியான் அணு, சில பத்து நானோநொடிகளில் இவ்வொளியை உமிழ்கிறது. ஆயினும் அது அடிநிலைக்கு வந்துவிடுவதில்லை, அடிநிலைக்கு 16.6 முதல் 16.9 எலக்ட்ரான் வோல்ட் வரை மேலேயுள்ள நான்கு நிலைகளுள் ஒன்றில் நின்றுவிடுகிறது. பாடநூல்கள் பெரும்பாலும் இவ்விடத்தைக் கடந்து சென்றுவிடுகின்றன. இந்நான்கில் இரண்டு, புற ஊதாக் கதிரை உமிழ்ந்து அடிநிலையை அடையக்கூடியவை. மற்ற இரண்டிற்கும் தேர்வு விதிகள் அவ்வழியை ஏறக்குறைய அடைத்துவிடுகின்றன. இவையே சிற்றுறுதி நிலைகள். தனித்து விடப்பட்ட நியான் அணு இத்தகைய நிலையொன்றில் ஏறத்தாழ 15 நொடிகள் இருக்கக்கூடும். ஈலியத்தின் மிகத் தாழ்ந்த சிற்றுறுதி நிலையின் ஆயுள் இரண்டு மணி நேரத்திற்கும் அதிகம்.

மோதல்

வாயுவினுள் அவ்வளவு நேரம் கிடைப்பதில்லை. 16.62 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடன் நிற்கும் நியான் அணு, ஆர்கான் அணுவுடன் மோதுவதாகக் கொள்வோம். ஆர்கானை அயனியாக்க 15.76 போதும். எனவே ஆர்கான் ஓர் எலக்ட்ரானை இழக்க, நியான் அடிநிலைக்குத் திரும்புகிறது. பிலிப்சு ஆய்வகத்தில் பணியாற்றிய டச்சு இயற்பியலாளர் பென்னிங் 1920களில் ஆராய்ந்த இது பென்னிங் அயனியாக்கம் எனப்படுகிறது. நியானில் ஒரு விழுக்காட்டிற்கும் குறைவாக ஆர்கானைக் கலந்தாலே விளக்கு எரியத் தொடங்கும் மின்னழுத்தம் கணிசமாகக் குறைகிறது.

ஈலியம்-நியான் லேசரில், 20.61 எலக்ட்ரான் வோல்ட் கொண்ட சிற்றுறுதி ஈலியம் மோதலின்போது நியானை 20.66க்கு உயர்த்துகிறது, சிறு பற்றாக்குறையை அணுக்களின் இயக்க ஆற்றல் ஈடுசெய்கிறது. 632.8 நானோமீட்டர் சிவப்பு ஒளி இவ்வாறே கிடைக்கிறது. பின்னர் நியான் அணுக்கள் தம் சிற்றுறுதி நிலைகளில் தேங்கினால் லேசர் வலுவிழக்கும். அவை கண்ணாடிச் சுவரில் மோதியே விரைவில் அடிநிலையை அடைகின்றன. கல்லூரி ஆய்வகங்களில் காணப்படும் இக்குழாயின் உள்துளை ஓரிரு மில்லிமீட்டரே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அழுத்தத்தின் பங்கு

ஒரகடம் போன்ற வாகன உற்பத்திப் பகுதிகளில் ‘ஆர்கான் வெல்டிங்’ என அழைக்கப்படும் பற்றவைப்பின் மின்வில், வளிமண்டல அழுத்தத்தில் எரிகிறது. அங்கு எலக்ட்ரான்கள் அடுத்தடுத்து மோதி அணுக்களை நிலை மாற்றிக்கொண்டே இருப்பதால், சிற்றுறுதி நிலையின் நீண்ட ஆயுளுக்குப் பொருளில்லை.

சூரியச் சுடர்களின் வாயு இதற்கு நேர்மாறாக மிக ஐதானது. 1868 ஆகஸ்ட் 18 முழுக் கிரகணத்தின்போது குண்டூரில் ஜான்செனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் போக்சனும் அச்சுடர்களின் நிறமாலையை ஆராய்ந்தனர். அந்நிறமாலையிலுள்ள 587.6 நானோமீட்டர் மஞ்சள் கோடு பின்னர் ஈலியத்தினுடையது என உறுதியாயிற்று. அக்கோட்டை உமிழும் அணு, அடுத்து 1083 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியை உமிழ்ந்து, மேற்கூறிய இரண்டு மணி நேரச் சிற்றுறுதி நிலையிலேயே வந்து நிற்கிறது.