பந்தயத் திடலுக்குக் குடும்பத்தோடு போகலாமா?

ரப்பர் போய்ச் செம்பனை வந்தாலும், தோட்டம் விட்டு ஈப்போ பக்கம் குடியேறினாலும், நம் வீட்டு வாசலில் நிற்பது கப்சாய் மோட்டார் சைக்கிள்தான். வேலைக்கும் சந்தைக்கும் பள்ளிக்கும் அதுவே வாகனம். அந்தக் கப்சாய்கள் ஓடும் பந்தயமே கப் பிரிக்ஸ். 1994-இல் தொடங்கிய இப்பந்தயம், ரசிகர்களைத் தேடி ஊர் ஊராகப் போனதால்தான் மக்களிடம் வேரூன்றியது.

1999-இல் சிப்பாங்கில் தொடங்கிய பார்முலா ஒன் கார்ப் பந்தயத்தைப் பாருங்கள். செலவு ஏறியது, சீட்டு விற்பனை சரிந்தது. 2017 அக்டோபர் 1-ஆம் நாளோடு அது நின்றுபோனது. அதே மாதக் கடைசியில் அங்கே நடந்த மோட்டார் சைக்கிள் உலகப் பந்தயத்துக்கோ பெருங்கூட்டம்! தான் ஓட்டும் வண்டியைத்தான் மனிதன் ரசிக்கிறான். 2016-இல் அர்ஜெண்டினாவில் மோட்டோ 3 பந்தயத்தில் முதலிடம் பெற்ற கைருல் இடாம் பாவி நம் பேராக்காரர்தான். உலகப் பந்தயமொன்றை வென்ற முதல் மலேசியரும் அவரே.

ஆனால், கூட்டம் மட்டும் போதாது. 1977-இல் பத்து தீகா ஓடுதளத்தில் கார் ஒன்று பார்வையாளர்மேல் பாய்ந்து சிறுவர்கள் மாண்டனர். வலுவான தடுப்புவேலி, நிழல், கழிப்பறை, கைக்கெட்டும் கட்டணம் ஆகியவை இல்லாத இடத்துக்குத் தாய்மார்கள் பிள்ளைகளோடு வருவார்களா? நடத்துவோர் இதை மறக்கலாகாது.

பெற்றோர்களே! இளம் வயதுக்கு வேகம் பிடிக்கும். திட்டினால் மட்டும் அது அடங்காது. பிள்ளையை ஒருமுறை திடலுக்கு அழைத்துப் போங்கள். தலைக்கவசமும் தோலுடையும் அணிந்து, விதிக்குக் கட்டுப்பட்டு வீரர்கள் ஓட்டுவதைக் காட்டுங்கள். வேகத்துக்கு உரிய இடம் திடல், நடுராத்திரிச் சாலையல்ல.