தணிகை மலையடியில் சாலையைக் கடக்க எத்தனை நொடி?

திருத்தணி மலைக்கோயிலுக்கு 365 படிகள். ஏறும்போது மூச்சு வாங்கினால் ஓரமாக உட்கார்ந்துகொள்ளலாம், யாரும் விரட்டமாட்டார்கள். மலையடியில் இருக்கும் சாலையில் அந்தச் சலுகை கிடையாது. சென்னை–திருப்பதி நெடுஞ்சாலை ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. அரக்கோணம், சோளிங்கர் பேருந்துகளும் நகரி பக்கமிருந்து வரும் லாரிகளும் வேன்களும் இங்கே வந்து சேர்கின்றன. இவற்றுக்கு நடுவே பால் வாங்கப் போகும் பாட்டி, பள்ளிக்கூடம் போகும் பிள்ளை, மொட்டை போட்ட குழந்தையைத் தோளில் தூக்கிவரும் அப்பா எல்லோரும் சாலையைக் கடந்தாக வேண்டும்.

விபத்தும் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை

உலகில் 5 முதல் 29 வயதுக்குட்பட்டவர்களின் உயிரைப் பறிக்கும் காரணங்களில் முதலிடம் சாலை விபத்துக்குத்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியாவில் 2022-ஆம் ஆண்டு மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 32,825 பேர் பாதசாரிகள். அதே ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடத்தில் இருந்த மாநிலம் தமிழ்நாடு.

கொசுவால் பரவும் காய்ச்சலுக்கு நோயாளியைக் குறை சொல்லிவிட்டுச் சாக்கடையை அப்படியே விட்டுவைப்பதில்லை. சாலையில் அடிபட்டவரை மட்டும் ‘பார்த்துப் போயிருக்கக் கூடாதா?’ என்று கேட்கிறோம்.

வேகம் கூடினால் உடல் தாங்காது

காரின் வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால், ஓட்டுநர் ஆளைப் பார்த்து, பிரேக் பிடித்து, வண்டி நிற்பதற்குச் சுமார் 20 மீட்டர் ஆகும். 60 கிலோமீட்டரில் அது ஏறக்குறைய 37 மீட்டர். 80-ல் 57 மீட்டர். இதுவும் சாலை காய்ந்திருந்து, பிரேக் நன்றாக இருந்து, ஓட்டுநரின் கவனம் போனில் இல்லாமல் இருந்தால்தான். மழை பெய்தாலோ, பாரம் ஏற்றிய லாரியாக இருந்தாலோ தூரம் இன்னும் கூடும்.

மோதும் வேகம் 50-லிருந்து 65 கிலோமீட்டராக உயர்ந்தால் பாதசாரி இறக்கும் அபாயம் ஏறத்தாழ நாலரை மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. மண்டை ஓடு, கழுத்தெலும்பு, இடுப்பெலும்பு எதுவும் அந்த வேகத்தைத் தாங்கும்படி அமைந்தவை அல்ல.

ஆளுக்கு ஆள் மாறும் நொடிக் கணக்கு

ஏழு மீட்டர் அகலமுள்ள இருவழிச் சாலையைக் கடக்க நல்ல உடல்நிலையில் உள்ளவருக்கு ஆறு நொடி போதும். மூட்டுவலி உள்ள முதியவருக்கு ஒன்பது நொடி ஆகலாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அந்த ஒன்பது நொடியில் 150 மீட்டர் வந்துவிடும். அவ்வளவு தூரத்தில் வரும் வண்டியைக் கண்டு, அதன் வேகத்தையும் கணிக்க வேண்டும். கண்புரை உள்ளவருக்கு அது எளிதல்ல. காது மந்தமானவருக்கு ஹாரனும் கேட்காது.

நீண்ட காலச் சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள், சாலை விளிம்பின் மேடு பள்ளத்தில் தடுமாறி விழலாம். சிறு பிள்ளைகளுக்கோ வண்டியின் வேகத்தைக் கணிக்கும் திறன் இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது. நிறுத்தியிருக்கும் ஆட்டோவுக்குப் பின்னால் நிற்கும் பிள்ளை ஓட்டுநர் கண்ணுக்கும் தெரியாது.

கிருத்திகைக்கு நடந்து வருபவர்களுக்கு

ஆடிக் கிருத்திகைக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் காவடியோடு திரள்திரளாக வருவார்கள். புரட்டாசியில் திருப்பதிக்குப் பாதயாத்திரை போகிறவர்களும் இந்த வழியாகவே நடக்கிறார்கள். அவர்கள் கவனிக்க வேண்டியவை:

• நடைபாதை இல்லாத சாலையில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, ஒருவர்பின் ஒருவராக நடங்கள்.

• இரவில் வெளிர்நிற உடை உடுத்துங்கள். பையிலும் காவடியிலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். குழுவின் முன்னும் பின்னும் வருபவர் கையில் டார்ச் இருக்கட்டும்.

• காவடி தூக்கியவருக்குப் பக்கவாட்டுப் பார்வை மறையும். சாலையைக் கடக்கும்போது கூட ஒருவர் கைகாட்டி அழைத்துச் செல்ல வேண்டும்.

• இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் விரதம் இருக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள். சர்க்கரை சட்டென்று குறைந்தால் வியர்வை, நடுக்கம், குழப்பம் வரும். அந்த நிலையில் சாலையைக் கடக்கக் கூடாது. உடனே குளுக்கோஸோ சர்க்கரைத் தண்ணீரோ குடித்துவிட்டு உட்கார வேண்டும்.

சாலைக்குத் தேவையான சிகிச்சை

வெள்ளைக்கோடு போட்டால் மட்டும் வண்டிகள் நிற்பதில்லை. ஓட்டுநரை மெதுவாக்கும் அமைப்பும் வேண்டும். நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திய கடவைப் பாதை வேகத்தடையாகவும் பயன்படும். சாலை நடுவே நின்று போக ஒரு திட்டு இருந்தால், முதியவர் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிகளை மட்டும் பார்த்தால் போதும். கடவையின்மேல் நல்ல விளக்கும், பேருந்து நிறுத்தத்தைக் கடவையிலிருந்து தள்ளி அமைப்பதும் செலவு குறைந்த தீர்வுகள். நடை மேம்பாலம் கட்டலாம்தான், ஆனால் முழங்கால் வலிக்காரர் அதில் ஏறமாட்டார். லிஃப்ட் இருந்தால்தான் அவருக்குப் பயன்படும்.

கோவை எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கில்தான் 2025 மே மாதம், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது. கடைச் சாமான்களும் பைக்குகளும் நடைபாதையை அடைத்து நடப்பவரைச் சாலையில் இறக்கிவிட்டால், பறிபோவது அந்த உரிமைதான்.

அடிபட்டவரைக் கண்டால்

முதலில் 108-ஐ அழையுங்கள். கழுத்து, முதுகில் அடிபட்டிருக்கலாம் என்பதால் கையைக் காலைப் பிடித்துத் தூக்காதீர்கள். வண்டிகள் மோதும் ஆபத்து இருந்தால் மட்டும் தலையும் உடலும் நேர்கோட்டில் இருக்கும்படி நகர்த்துங்கள். ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். தண்ணீர், சோடா எதுவும் தர வேண்டாம்.

தலையில் அடிபட்டு எழுந்து நடப்பவர்கூடச் சில மணி நேரம் கழித்து மயங்கலாம். வாந்தி, தூக்கக் கலக்கம், காதிலோ மூக்கிலோ ரத்தம் என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2021 டிசம்பரில் தொடங்கிய இந்தத் திட்டம் ஆந்திர எல்லையை ஒட்டிய இந்த ஊருக்கு மிகவும் தேவையானது. நல்ல எண்ணத்தோடு உதவுபவருக்கு 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டியிருக்குமோ என்று பயந்து விலகிப் போகத் தேவையில்லை.

நீங்கள் செய்யக்கூடியது

உங்கள் தெருமுனையில் ஒருநாள் கடிகாரத்தோடு நில்லுங்கள். வீட்டுப் பெரியவர் சாலையைக் கடக்க எத்தனை நொடி ஆகிறது, அதற்குள் எத்தனை வண்டிகள் நிற்காமல் போகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கை மனுவாக எழுதி, நகராட்சியிலும், திங்கட்கிழமை நடக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுங்கள். வண்டி ஓட்டுபவராக இருந்தால், ஊருக்குள் நுழைந்ததும் வேகத்தைக் குறைத்துக் கடவையில் நில்லுங்கள். உங்களுக்கு அதனால் ஆகும் தாமதம் ஒன்பது நொடிதான்.