கருந்தோலும் வண்ண மையும்

கருமையான தோலில் பச்சை துலங்காது, வண்ணம் ஏறவே ஏறாது என்பது ஐக்கிய அமெரிக்காவின் பச்சைகுத்தும் கடைகளில் நெடுங்காலம் நிலவிய நம்பிக்கை. குறத்தியர் மாநிறக் கைகளிலும் கருநிறக் கைகளிலும் பச்சை குத்தியதை அறிந்த நேயர்களுக்கு இது விந்தையாகவே தோன்றும்.

குறை தோலிலா, குத்தும் கையிலா? ஊசி மையைச் சேர்ப்பது மேற்றோலுக்குக் கீழே உள்ள உட்டோலில். மெலனின் என்னும் நிறமி இருப்பதோ மேற்றோலில். ஆகவே எவருடைய உடம்பிலும் மையை நாம் காண்பது மேற்றோலாகிய திரையினூடாகவே. திரை கருமையாயின் மஞ்சளும் வெளிர்நீலமும் மங்கும். சிவப்பு வேறொரு சாயல் பெறும். மை ஏறாமற் போவதில்லை. இதை உணராதவர் வண்ணம் தெரியவில்லையென்று ஓரிடத்திலேயே திரும்பத் திரும்பக் குத்துவர். தோல் புண்பட்டுத் தழும்பு தடிக்கும். ஆபிரிக்க வம்சாவளியினரிடம் அத்தகைய தழும்பு எளிதில் மிகைத்து வளர்வதுமுண்டு. பழி தோலின்மேல் விழும்.

லூசியானாவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில், தோலில் இடும் குறிக்குக் கொடியதொரு வரலாறும் உண்டு. 1724 இல் பிரெஞ்சு அரசு அங்கு விதித்த அடிமைச் சட்டத்தின்படி, ஒரு மாதம் தலைமறைவாயிருந்த அடிமையின் காதுகள் அறுக்கப்படும். தோளில் அல்லிமலர் முத்திரை சூட்டுக்கோலாற் பொறிக்கப்படும். அந்நகரிலேதான் 1976 இல் ஜாக்கி கிரஷம் என்ற கறுப்பினப் பெண்மணி பச்சைகுத்தும் கடை திறந்தார். முன்னர் மோட்டார் நிறுவனமொன்றில் வரைபடம் வரைந்தவர். வேலை இழந்தபின் இத்தொழிலுக்கு வந்தார். அமெரிக்காவின் முதற் கறுப்பினப் பெண் பச்சைகுத்துநராக அவரையே பலரும் கருதுகின்றனர். கறுப்பினத்தார் தம் விருப்பப்படி தேர்ந்த உருவங்களை வண்ணத்துடனேயே அவர் குத்தினார்.

ஆயினும் இது குருவிடம் பயின்றே கற்கவேண்டிய தொழில். குருமாரோ பெரும்பாலும் வெள்ளையர். அக்கதவு எளிதிற் திறக்கவில்லை. மியா பெய்லி 2007 இல் அற்லாண்டாவில் நிறுவிய கடை கறுப்பினக் கலைஞர் பலருக்கு இடமளித்தது. அவர்தம் அனுபவங்களைக் கூறும் ஆவணப்படமொன்று 2012 இல் வெளிவந்தது.

கருந்தோலில் தேர்ந்த கலைஞர் முதலில் சிறு புள்ளிகளாக வண்ணங்களைக் குத்தி, ஆறும்வரை பொறுத்துப் பார்ப்பர். கோடுகளைத் தடிப்பாக்கி, உருவத்தைப் பெரிதாக்கி, இடையிடையே வெறுந்தோலை விடுவர். அவ்விடைவெளியே ஒளியாக நிற்கும். புதிதாய்க் குத்திய பச்சை எத்தோலிலும் பளிச்சிடும். எனவே விவரமறிந்த வாடிக்கையாளர், தம்மையொத்த நிறத்தவர் உடம்பில் குத்தி ஆறிய பச்சையின் படத்தைக் காட்டுமாறு கேட்ட பின்னரே கையை நீட்டுகின்றனர்.