கடையா, கெம்பஸா?

கடந்த மாதம் எங்கள் பாடசாலை வகுப்பு நண்பர்கள் பதினேழு பேர் பகற்சாப்பாட்டுக்கு ஒன்றுகூடினோம். 1986இல் சாதாரண தரம் எழுதியவர்கள் நாங்கள். அனேகருக்குத் தலை நரைத்துவிட்டது. இருவருக்கு அதுவும் இல்லை.

பரீட்சை முடிந்த மறுவாரமே வாப்பா என்னைப் புறக்கோட்டைக் கடையில் உட்கார வைத்துவிட்டார். "படிச்சது போதும், கணக்குப் பார்க்கத் தெரியுந்தானே" என்றார். எனக்கும் அது சந்தோஷமாகத்தான் இருந்தது. உயர்தரம் படித்த நண்பர்களின் நிலையோ பரிதாபம். நாட்டுக் குழப்பத்தினால் 80களின் கடைசியில் பல்கலைக்கழகங்கள் நீண்ட காலம் மூடிக் கிடந்தன. சித்தியடைந்தும் அனுமதி கிடைக்காமல் அவர்கள் வீட்டில் காத்திருந்தபோது, நான் சொந்தக் காசில் மோட்டார் சைக்கிள் வாங்கி ஓடிக்கொண்டிருந்தேன். அவர்களைப் பார்த்துச் சிரித்ததும் உண்டு.

அப்படிக் காத்திருந்தவர்களில் ஒருவர் பின்னர் பேராதனையில் பொறியியல் படித்தார். நீதியரசர் அக்பரின் பெயரிலுள்ள அக்பர் மண்டபத்தில்தான் தங்கியிருந்தார். இன்று குளிரூட்டி பொருத்தும் சிறு கம்பனி நடத்துகிறார். கெம்பஸ் வாழ்க்கை என்ன தந்தது என்று கேட்டேன். மெஷின் பற்றிச் சொல்வார் என்று நினைத்தேன்.

"மச்சான், சிங்களம் தந்தது. என்ட அறையில இருந்தவன் மாத்தறைப் பொடியன். அவனோட சண்டை பிடிச்சே பேசப் பழகினேன். இப்ப டெண்டர் கூட்டத்துக்கு நானே போறேன். இன்னொன்டு, தெரியாததைத் தெரியாதென்டு சொல்லவும் அங்கதான் பழகினேன்."

அந்தக் கடைசி வார்த்தை என்னைக் குத்தியது. 2002 ஆகஸ்டில் ஜீ.எஸ்.ரி. போய் வற் வந்தபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் விளங்கவில்லை என்று யாரிடமும் சொல்லவில்லை. முதலாளி எப்படிச் சொல்வது? சரக்கு வாங்கும்போது கட்டிய வரியை, நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். அதற்கு வரி இலக்கமுள்ள முறையான பட்டியல் கையில் இருக்க வேண்டும். நானோ சாதாரண துண்டுகளை வாங்கி ஆணியில் குத்தி வைத்திருந்தேன். கழிக்க முடியாமல் கைக்காசாகக் கட்டிய தொகையில் இன்னொரு மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கலாம்.

பட்டம் பெற்றவர்கள் எல்லோரும் உயர்ந்துவிட்டார்கள் என்றும் சொல்ல மாட்டேன். கலைப் பட்டதாரியான நண்பர் அரசாங்க உத்தியோகத்துக்காக வருடக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் ஆசிரியரானார். "நீ அந்த நேரமே மொதலாளி. நான் முப்பது வயசு வரைக்கும் வாப்பாட்ட பஸ் காசு வாங்கினேன்" என்றார். அதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

இவ்வளவையும் நான் எழுதக் காரணம் வேறு. என் இளைய மகனுக்கு ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. யுத்தத்தினால் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிப்பைத் தொடர முடியாமற்போன நம் பிள்ளைகளுக்காக 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, மறுவருடமே பல்கலைக்கழகமான இடம் அது. கடிதம் வந்த அன்று, வாப்பா எனக்குச் சொன்னதையே நானும் மகனுக்குச் சொன்னேன். கடைக்கு வாரிசு வேண்டாமா? அவன் எதிர்த்துப் பேசவில்லை. கடிதத்தைக் கல்லாப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போய்விட்டான். பத்து நாளாக மிச்சக் காசு எடுக்கும்போதெல்லாம் அது என் கையில் தட்டுப்பட்டுக்கொண்டே இருந்தது.

ஒன்றுகூடலிலிருந்து திரும்பிய இரவு அதை எடுத்து அவனிடமே கொடுத்தேன். உம்மா அழுதார், தூரம் என்று. விடுமுறையில் வந்து என் கணக்குப் புத்தகங்களை ஒழுங்குபடுத்த வேண்டும் என்பது எங்கள் இருவருக்குமான உடன்படிக்கை.

இப்போது காலை எட்டு மணிக்குக் கடை திறக்க ஆள் இல்லை. நம்பிக்கையான பொடியன் யாரும் தெரிந்தால் சொல்லியனுப்புங்கள். மாலையில் படிக்கப் போக வேண்டுமென்றால் ஐந்து மணிக்கே விட்டுவிடுவேன்.