தேங்காய்த்திட்டு என்று எழுதிப் பாருங்கள்

புதுச்சேரியின் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் காலை ஏலம் முடிந்து கூட்டம் கலைந்ததும், கரையோரம் கட்டிக் கிடக்கும் படகுகளின் பெயர்களைப் படித்துக்கொண்டே நடப்பது என் வழக்கம். அம்மன் பெயர், மாதா பெயர், பெற்ற பிள்ளையின் பெயர் என்று ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய நம்பிக்கை. பெயிண்டர் கையால் எழுதிய பெயர்களை, உப்புக்காற்றும் வெயிலும் அரித்த பிறகும் தூரத்திலிருந்தே படிக்க முடிகிறது. கிட்டப் போனால் காரணம் தெரியும். புள்ளியை உருண்டையாக, தாராளமாக வைத்திருக்கிறார். துணைக்காலுக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிற இடம் விட்டிருக்கிறார்.

அங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான் என் அண்ணி நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு செய்து விற்கத் தொடங்கினார். ருசியில் குறை இல்லை. முதல் தடவை ஐந்நூறு ஸ்டிக்கர் அடித்து வந்தபோது வீடே சோர்ந்துபோனது. ‘தொக்கு’ உடைந்திருந்தது. முதலில் ‘த’, அதற்குப் பின்னால் கொம்பு, அப்புறம் தனியாக ஒரு கால். “என்ன தம்பி, கொம்பையும் காலையும் ஒடிச்சு அடிச்சிருக்காங்களே!” என்றார் அண்ணி. காசு போனதைவிட, தன் சரக்கின் பெயரையே சரியாகச் சொல்ல முடியவில்லையே என்பதுதான் அவருக்கு வருத்தம்.

கணினியின் நினைவில் ‘தொ’ என்பது ‘த’, அதன்பின் ஒகரக் குறி என்ற வரிசையில் இருக்கிறது. கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைப்பது திரையில் காட்டும் மென்பொருளின் வேலை. ஆங்கிலத்துக்கு மட்டும் அமைத்து வைத்த டிசைன் மென்பொருளில் யூனிகோடு தமிழை ஒட்டினால் அந்த வேலை நடக்காது. இந்திய மொழிகளுக்கான அமைப்பை அதில் தேர்ந்தெடுத்தால் போதும், எழுத்து சேர்ந்துகொள்ளும். அடுத்த முறை அச்சுக்குப் போகும் முன் பிடிஎஃப் கோப்பைச் செல்போனில் வாங்கி, எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தோம். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது: சிறு தொழிலுக்கு எழுத்துரு தேர்ந்தெடுப்பது அலங்கார வேலை இல்லை. பெயரை உடையாமல் வாடிக்கையாளர் கண்ணில் சேர்க்கும் வேலை.

பெயரே பரீட்சை

எழுத்துரு பட்டியலைத் திறந்ததும் ‘அ’, ‘க’ எல்லாமே அழகாகத்தான் தெரியும். உங்கள் பெயர் அதில் எப்படி நிற்கிறது என்பதே கேள்வி. எங்கள் ஊர்ப்பெயரையே எழுதிப் பாருங்கள். தேங்காய்த்திட்டு: எட்டு எழுத்து, நான்கு புள்ளி. ங், ய், த், ட் ஆகிய நான்கின் தலையிலும் புள்ளி நிற்க வேண்டும். புள்ளி சிறுத்த எழுத்துருவில் அடித்து, பத்தடி தள்ளி நின்றால் அது ‘தேஙகாயததிடடு’ ஆகிவிடும். தடித்த எழுத்துருவில் ‘தி’யின் மேல் வளைவு அடைத்துக்கொண்டு கறுப்புத் திட்டாகும்.

அடுத்து ‘பாரதி’ என்று எழுதுங்கள். 1908 முதல் 1918 வரை பாரதி வாழ்ந்த புதுச்சேரியில் அவர் பெயர் தாங்கிய கடைக்குக் குறைவில்லை. ‘பா’வின் காலும் அடுத்து வரும் ‘ர’வும் அக்கம்பக்கமாக நிற்கின்றன. ‘ர’வின் அடியில் சாய்ந்து இறங்கும் கோடு தெளிவாக இல்லாவிட்டால் இரண்டு கால் நிற்பதுபோல் இருக்கும். தமிழ் வாசகர் ஊகித்துப் படித்துவிடுவார். ஆனால் புதிய கடையின் பெயரை எதற்கு ஊகிக்க விட வேண்டும்?

ஓலை, ஈயம், திரை

இந்தக் கவலை புதிதல்ல. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று புள்ளியையே விட்டுவிட்டார்கள். ‘ர’வும் காலும் அங்கே ஒரே வடிவம்தான். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரிய இரட்டைச்சுழிக் கொம்பைக் கொடுத்தவர் வீரமாமுனிவர் என்பார்கள். தேங்காய்த்திட்டின் முதலெழுத்து அந்தக் கொம்போடுதான் தொடங்குகிறது.

காரைக்காலுக்கு வடக்கே தரங்கம்பாடியில் மதபோதகர் சீகன்பால்குவுக்கு 1713-ல் ஜெர்மனியின் ஹாலே நகரில் செய்த தமிழ் அச்செழுத்துகள் வந்து சேர்ந்தன. அவை பெரியவை, காகிதத்தை விழுங்கின. இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டியின் ஈயப் பொதியை உருக்கி, அங்கேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். 1715-ல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. தூர தேசத்தில் செய்த வடிவம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், நம் காகிதத்துக்கும் செலவுக்கும் பொருந்தாவிட்டால் மாற்றத்தான் வேண்டும் என்பதை அன்றே கண்டுகொண்டார்கள். ஓலை, ஈயம், தூரிகை, செல்போன் திரை என்று எழுத்து ஏறும் இடம் மாறும்போதெல்லாம் இதே கணக்கை மறுபடி போட வேண்டியிருக்கிறது.

தமிழை முதலில் எழுதுங்கள்

புதுச்சேரியின் பழைய தெருக்களில் நீலப் பலகையில் தமிழும் பிரெஞ்சும் சேர்ந்தே இருக்கும். புதிய கடைகளில் நிலைமை வேறு. பிரெஞ்சு வாடை அடிக்கும் ஆங்கில எழுத்தில் லோகோவை முடித்துவிட்டு, தமிழை மிச்ச இடத்தில் கணினியில் கைக்குக் கிடைத்த எழுத்துருவில் திணிக்கிறார்கள். தமிழ்நாட்டு விதியில் தமிழ், ஆங்கிலம், பிற மொழிக்கு 5:3:2 என்ற அளவு உண்டு. இங்கே 2025 மார்ச்சில் முதல்வர் ரங்கசாமி, கடைப் பெயர்ப்பலகைகளில் தமிழ் கட்டாயம் இருக்க வேண்டும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். சட்டத்துக்காகத் தமிழைச் சேர்ப்பது வேறு, தமிழிலிருந்து தொடங்குவது வேறு.

தமிழ் எழுத்து அகலம் கேட்கும். ‘ண’, ‘ஞ’, ‘ணை’ ஒரே எழுத்தில் இரண்டு ஆங்கில எழுத்தின் இடத்தைப் பிடிக்கும். மேலே சுழியும் கீழே வாலும் இருப்பதால் வரிக்கு வரி இடைவெளியும் கூடுதலாக வேண்டும். ஆங்கிலத்துக்கு வரைந்த கட்டத்தில் இதை அடைத்தால் மூச்சு முட்டும். தமிழ்ப் பெயரை முதலில் நிறுத்தி, அதன் கனத்துக்கும் வளைவுக்கும் இணங்கும் ஆங்கில எழுத்தைப் பக்கத்தில் வைப்பதே முறை.

இதற்குப் பெரிய செலவும் இல்லை. பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த ‘கேட்டமரன்’ ஒன்பது கனங்களில் கிடைக்கிறது. மும்பையின் ஏக் டைப் குழுவினரின் ‘முக்தா மலர்’ நிதானமானது. அவர்களுடைய ‘பலூ தம்பி’ தடித்து உருண்டு, தின்பண்டத்துக்கு ஏற்றதாக இருக்கும். இலங்கையின் தாரிக் அஸீஸ் செய்த ‘கவிவனார்’ கையெழுத்தின் சாய்வு கொண்டது. நான்கும் கூகுள் எழுத்துருத் தொகுப்பில் திறந்த உரிமத்தில் உள்ளவை. ஸ்டிக்கரிலும் பலகையிலும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம். மற்ற எழுத்துருக்களுக்கு உரிமத்தைப் படித்துவிட்டு எடுங்கள். யாரோ ஒருவர் மாதக்கணக்கில் வரைந்த உழைப்பு அது.

பாட்டிலில் ஒட்டிப் பாருங்கள்

இரண்டாவது ஸ்டிக்கருக்கு அண்ணி மூன்று எழுத்துருக்களில் பெயரை எழுதி, பாட்டிலின் உண்மையான அளவிலேயே வெள்ளைத் தாளில் அச்செடுத்து வெட்டி ஒட்டினார். பாட்டில் உருண்டை என்பதால் ‘நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு’ ஒரே வரியில் பாதி முதுகுக்குப் போய்விட்டது. மூன்று சொல்லையும் மூன்று வரியாக்கினோம். ‘க்’, ‘த்’ இரண்டையும் இடமில்லை என்று வெட்டவில்லை. சந்தி போனால் சொல்லே நொண்டும்.

பிறகு மூன்று பாட்டில்களையும் எதிர்வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு, தெருவுக்கு இந்தப் பக்கம் நின்று படித்தோம். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கியும் பார்த்தோம். மெல்லிய கோட்டு எழுத்து முதலில் தோற்றது. மிகத் தடித்ததில் ‘நெ’யும் ‘தொ’வும் அடைத்துக்கொண்டன. நடுத்தரக் கனம் நின்றது. பின்பக்கம் எடை, விலை, பதினான்கு இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் எல்லாம் வர வேண்டும். உணவுப் பொருளில் கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும் என்பது விதி. அது பின்பக்கம் இருக்கட்டும், முன்பக்கம் தமிழுக்கு என்று அண்ணி தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

கடைசியில் ஒன்றுதான் பாக்கி. தேர்ந்தெடுத்த எழுத்துருவில் புள்ளி கொஞ்சம் சிறிதாக இருந்தது. டிசைன் செய்த பையனிடம் அதை மட்டும் பெரிதாக்கச் சொன்னார் அண்ணி. எவ்வளவு பெரிதாக என்று அவன் கேட்டான். துறைமுகத்தில் கட்டியிருந்த ஒரு படகைப் போட்டோ எடுத்து அனுப்பிவைத்தார்.