தொடாமல் அளக்கும் ஒளி: கார்பன் நானோ குழாய்களும் டெராஹெர்ட்ஸ் ஆய்வும்

ஒரு பொருளின் மின்கடத்து திறனை அறிய, அதன் இரு முனைகளிலும் கம்பிகளைப் பொருத்தி மின்னோட்டத்தைச் செலுத்துவது நெடுநாளைய வழக்கம். செம்புக்கும் இரும்புக்கும் இம்முறை போதும். ஆனால், தலைமயிரின் தடிமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கே விட்டமுடைய ஒரு குழாயை இவ்வாறு அளக்க முற்பட்டால், பொருத்தப்படும் உலோகமுனையே குழாயின் இயல்பை மறைத்துவிடக் கூடும். பெறப்படும் எண் குழாயைப் பற்றியதா, இணைப்பைப் பற்றியதா என்ற ஐயம் எழுகிறது. இந்த இடர்ப்பாட்டைத் தீர்க்க அறிவியலார் ஒளியின் துணையை நாடினர். கார்பன் நானோ குழாய்களில் நடைபெறும் அதிவேக ஒளியியல் ஆய்வுகளின் அடிப்படை இதுவே.

குழாயின் அமைப்பு

ஜப்பான் நாட்டின் சுமியோ இஜிமா 1991-ஆம் ஆண்டில் பல சுவர்களைக் கொண்ட கார்பன் நுண்குழாய்களைப் பற்றி வெளியிட்ட கட்டுரை உலகின் கவனத்தை ஈர்த்தது. ஒற்றைச் சுவர்க் குழாய்கள் 1993-இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே உருவாக்கப்பட்டன. கிராஃபைட்டின் ஒற்றை அணு அடுக்கைப் பாயைச் சுருட்டுவதுபோல் சுருட்டினால் கிடைக்கும் வடிவமே இது. விட்டம் ஏறத்தாழ 1 நானோமீட்டர். நீளமோ அதைப்போல் ஆயிரம் மடங்கும் அதற்கு மேலும் இருக்கக் கூடும்.

சுருட்டும் கோணம் சிறிது மாறினாலும் குழாயின் மின்னியல்பு மாறிவிடுகிறது. எல்லாக் கோணங்களும் சம வாய்ப்புடன் அமையுமானால், மூன்றில் ஒரு பங்குக் குழாய்கள் உலோகத்தைப் போலவும், மூன்றில் இரு பங்கு குறைகடத்திகளாகவும் இருக்கும். உற்பத்தியின்போது இவ்விரு வகையும் கலந்தே கிடைக்கின்றன. டிரான்சிஸ்டருக்குக் குறைகடத்தி தேவை. அங்கே உலோகக் குழாய் புகுந்தால் மின்சுற்று பழுதாகும். 2019-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் 14,000-க்கும் மேற்பட்ட நானோ குழாய் டிரான்சிஸ்டர்களைக் கொண்ட கணிப்பொறிச் செயலியை உருவாக்கினர். உலோகக் குழாய்களின் தீங்கைக் குறைக்கும் வடிவமைப்பைக் கையாண்டும், அவர்களுக்கு 99.99 விழுக்காடு தூய்மை தேவைப்பட்டது. எனவே குழாய்களை வகைப்படுத்துவதும் அளப்பதும் இத்தொழிலின் உயிர்நாடி எனலாம்.

காலத்தைக் கூறுபடுத்தல்

நானோ குழாயினுள் எலெக்ட்ரான்கள் ஆற்றலைப் பெறுவதும் இழப்பதும் ஒரு வினாடியின் இலட்சம் கோடியில் ஒரு பங்கான பிக்கோ வினாடி அளவில் நிகழ்கின்றன. எந்த மின்னணுக் கடிகாரமும் இவ்வளவு குறுகிய நேரத்தை நேரடியாக அளக்க இயலாது. ஆகையால் நேரத்தைத் தொலைவாக மாற்றி அளக்கும் முறை கையாளப்படுகிறது.

லேசரிலிருந்து வரும் ஒளித்துடிப்பு இரண்டாகப் பிரிக்கப்படுகிறது. முதல் துடிப்பு குழாயைக் கிளர்த்துகிறது. சற்றுத் தாமதித்து வரும் இரண்டாம் துடிப்பு, கிளர்ச்சியில் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதைக் காட்டுகிறது. பிக்கோ வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஃபெம்டோ வினாடி. அந்நேரத்தில் ஒளி 0.3 மைக்ரோமீட்டர் மட்டுமே செல்லும். இரண்டாம் துடிப்பைத் திருப்பியனுப்பும் கண்ணாடியை 15 மைக்ரோமீட்டர் பின்னுக்கு நகர்த்தினால், போகவும் வரவுமாகப் பாதை 30 மைக்ரோமீட்டர் நீள்கிறது. தாமதம் 100 ஃபெம்டோ வினாடியாகிறது. இம்முறையால் வேதிவினைகளை ஆராய்ந்த அகமது செவைலுக்கு 1999-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இவ்வகை ஆய்வுகள் ஒரு புதிருக்கு விடையளித்தன. குழாய்கள் கற்றையாக ஒட்டியிருக்கையில், குறைகடத்திக் குழாய் பெற்ற ஆற்றல் அருகிலுள்ள உலோகக் குழாய்க்கு மிக விரைவில் கடந்துவிடுகிறது. ஒளி உமிழ நேரம் இருப்பதில்லை. 2002-இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தினர் சோப்புப் போன்ற பொருளின் உதவியால் குழாய்களை நீரில் தனித்தனியே பிரித்தபோதுதான் அவை ஒளிர்வது தெளிவாகக் காணப்பட்டது.

டெராஹெர்ட்ஸ் கதிரின் பங்கு

ரேடாரில் பயன்படும் நுண்ணலைகளுக்கும் அகச்சிவப்பு ஒளிக்கும் இடைப்பட்டது டெராஹெர்ட்ஸ் பகுதி. 1 டெராஹெர்ட்ஸ் அலை ஒருமுறை அதிர ஒரு பிக்கோ வினாடி ஆகும். அதன் அலைநீளம் 0.3 மில்லிமீட்டர். கண்ணுக்குப் புலனாகும் ஒளித்துகளின் ஆற்றல் ஏறத்தாழ 2 எலெக்ட்ரான் வோல்ட் எனில், இதன் ஆற்றல் 0.004 மட்டுமே. புதிதாக எலெக்ட்ரான்களைக் கிளர்த்தும் வலிமை இதற்கு இல்லை. ஏற்கெனவே தடையின்றி நடமாடும் மின்னூட்டங்களை மட்டும் அசைத்துப் பார்க்கிறது. அலையின் மின்புலமே நேரடியாக அளவிடப்படுவதால், கம்பி எதையும் பொருத்தாமலே கடத்துதிறன் கணக்கிடப்படுகிறது.

இதன் பயன் கணிசமானது. நானோ குழாயில் ஒளி விழும்போது, எலெக்ட்ரானும் அது விட்டுச்சென்ற வெற்றிடமும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு எக்ஸிட்டான் என்னும் இணையாக நிற்கின்றன. இப்பிணைப்பின் ஆற்றல் ஏறத்தாழ 0.4 எலெக்ட்ரான் வோல்ட் என 2005-இல் சோதனை வாயிலாக அறியப்பட்டது. அறை வெப்பம் தரக்கூடிய ஆற்றல் 0.025 மட்டுமே, ஆதலால் இணை தானாகப் பிரிவது அரிது. இணை முழுமையாக மின்னூட்டமற்றது. அது மின்னோட்டம் தராது. சூரிய மின்கலம் செய்ய விழைவோருக்கு, உறிஞ்சப்பட்ட ஒளி இணையாக முடங்கியதா, மின்னூட்டமாக விடுபட்டதா என்பதே முதற்கேள்வி. இவ்விரண்டையும் பிரித்தறிய டெராஹெர்ட்ஸ் துடிப்பு துணைபுரிகிறது.

ஒரு சர்ச்சையும் அதன் தீர்வும்

நானோ குழாய்ப் படலங்களின் கடத்துதிறனில், டெராஹெர்ட்ஸ் பகுதியில் ஒரு முகடு தோன்றுவது பல ஆய்வகங்களில் காணப்பட்டது. காரணம் குறித்து இரு கருத்துகள் நிலவின. உலோகக் குழாய்களின் வளைவால் தோன்றும் சிறிய ஆற்றல் இடைவெளியே காரணம் என்றனர் ஒரு சாரார். குறிப்பிட்ட நீளமுள்ள குழாயினுள் எலெக்ட்ரான்கள் கூட்டாக முன்னும் பின்னும் அலைவதே, அதாவது பிளாஸ்மானே காரணம் என்றனர் மறு சாரார். முந்தையது உண்மையானால் முகட்டைக் குழாயின் விட்டம் நிர்ணயிக்கும். பிந்தையதானால் நீளம் நிர்ணயிக்கும். கருவி அமைப்போர் எதை மாற்ற வேண்டும் என்பது இவ்விடையைப் பொறுத்ததாக இருந்தது.

2013-இல் ரைஸ் பல்கலைக்கழகக் குழுவினர் உலோகக் குழாய்களையும் குறைகடத்திக் குழாய்களையும் தனித்தனிப் படலங்களாக்கி அளந்தனர். முகடு இரண்டிலுமே தோன்றியது. வளைவு இடைவெளி உலோகக் குழாய்களுக்கே உரியதாகையால் முதற் கருத்து நிலைக்கவில்லை; பிளாஸ்மான் விளக்கம் உறுதிப்பட்டது. ஆண்டுக்கணக்கில் நீடித்த வாதத்தைத் தூய மாதிரி முடித்து வைத்தது.

பயனும் படிப்பினையும்

நானோ குழாய்களை ஒரே திசையில் அடுக்கினால், அத்திசையில் அதிரும் டெராஹெர்ட்ஸ் அலையை அவை உறிஞ்சுகின்றன. குறுக்கே அதிரும் அலையைக் கடத்தி விடுகின்றன. இவ்வியல்பைக் கொண்டு 2009-இல் முனைவாக்கி ஒன்று செய்து காட்டப்பட்டது. குழாய்கள் கிளர்ச்சியிலிருந்து விரைவில் மீள்வதால், குறுந்துடிப்பு லேசர்களை இயக்கும் உறுப்பாகவும் அவை பயன்பட்டுள்ளன. ஆய்வுப் பொருளே ஆய்வுக் கருவியின் உறுப்பாகவும் ஆகியிருக்கிறது.

இந்தியாவிலும் இத்துறையில் பணி நடைபெற்றுள்ளது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் ஏ.கே. சூட் குழுவினர், நானோ குழாய்கள் மீது திரவம் பாயும்போது மின்னழுத்தம் தோன்றுவதை 2003-இல் வெளியிட்டனர். ஃபெம்டோ வினாடி, டெராஹெர்ட்ஸ் ஆய்வுகளையும் மேற்கொண்டனர். 2007-இல் மத்திய அரசு ஐந்தாண்டுகளுக்கு 1,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் நானோ இயக்கத்தைத் தொடங்கியது.

மேலே கண்ட சர்ச்சை திட்டமிடுவோருக்கு ஒன்றை உணர்த்துகிறது. துல்லியமான அளவீட்டின் பயன் எல்லாத் தொழில்களுக்கும் பரவுகிறது. அதற்குச் செலவிடும் தனியொரு நிறுவனம் அப்பயன் முழுவதையும் தானே பெற முடியாது. ஆகவே அச்செலவின் பெரும்பகுதி பொது நிதியைச் சார்ந்தே இருக்கும். லேசரை வாங்குவது செலவின் ஒரு பகுதியே. மாதிரிகளைத் தூய்மை செய்வோர், கருவியைப் பழுதின்றிக் காப்போர், பல ஆண்டுகள் ஒரே வினாவைத் தொடரும் ஆய்வாளர் ஆகியோருக்கும் இடமளிக்கும் திட்டமே பலன் தரும். அளக்கத் தெரிந்த பொருளையே தரப்படுத்த இயலும். தரப்படுத்திய பொருளே சந்தையை அடையும்.